மீன்குஞ்சு கோணலாக வருகிறதா? டானிக் வாங்குமுன் தீவன மூட்டையைப் பாருங்கள்

"அண்ணே, குஞ்செல்லாம் கோணிக்கிட்டு வருது. என்ன டானிக் போடலாம்?"

பெரும்பாலும் இப்படித்தான் போன் வரும். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "டானிக் இருக்கட்டும் தம்பி, தீவன மூட்டை எப்போ வாங்கினது? எங்கே வெச்சிருக்க?" மீனைப் பற்றிக் கேட்டால் மூட்டையைப் பற்றிப் பேசுகிறாரே என்று பாதிப் பேருக்குக் கோபம் வரும்.

ஆனால் இளம் குஞ்சுகளில் நான் பார்த்த வைட்டமின் குறைபாடுகளில் பெரும்பாலானவை, தீவனத்தில் வைட்டமின் போட்டும் வந்தவை. போட்டது மீன் வாய்க்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். தகரக் கொட்டகைச் சூட்டில் கொஞ்சம் போயிருக்கும், காறிப்போன தவிட்டோடு கொஞ்சம், பச்சை மீனோடு பிசைந்ததில் கொஞ்சம், தண்ணீரில் கரைந்து மீதி. போன வழியை அடைக்காமல் மேலே மேலே ஊற்றினால், ஊற்றியதும் அதே வழியில்தான் போகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாணம் போட்டு, தண்ணீர் பச்சை கட்டி, நுண்ணுயிர் மிதவைகள் நிறைந்த நாற்றங்கால் குளத்தில் கெண்டைக் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் தேவைப்படாது. குஞ்சு விழுங்கும் ஒவ்வொரு தண்ணீர்ப்பூச்சியும் ஒரு வைட்டமின் பொட்டலம். சிக்கல் வருவது சிமெண்ட் தொட்டி, தார்ப்பாய்த் தொட்டி, ஹாப்பா (தண்ணீருக்குள் கட்டும் நுண்வலைத் தொட்டி), கூண்டு இவற்றில்தான். அங்கே நீங்கள் போடுவதைத் தவிர குஞ்சுக்கு வேறு சாப்பாடு இல்லை. குளத்திலேயே வந்தாலும், விட்ட குஞ்சின் எண்ணிக்கை அதிகமாகி மிதவையெல்லாம் தின்று தீர்த்த பிறகுதான் வரும்.

வைட்டமின் பக்கம் வருமுன்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆக்சிஜன் எவ்வளவு என்று பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் கிட் இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டு குஞ்சைப் பிடித்து லென்ஸ் வைத்து உடம்பையும் செவுளையும் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. வைட்டமின் என்று நினைத்து வருபவற்றில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள். மெல்ல மெல்ல வந்ததா, ஒரே ராத்திரியில் வந்ததா? எல்லாக் குஞ்சுக்கும் இருக்கிறதா, ஒரு தொட்டிக்கு மட்டுமா? கடந்த இரண்டு மாதத்தில் தீவனத்தில் எதை மாற்றினீர்கள்?

ஒரே ராத்திரியில் வந்தது வைட்டமின் குறைபாடு இல்லை. நேற்று வரை ஓடியாடிய குஞ்சு இன்று காலை மொத்தமாக மேலே வாய் பிளந்து நின்றால் அது தண்ணீர்க் கோளாறு. வைட்டமின் குறைபாடு வாரக்கணக்கில் சேரும். வேகமாக வளரும் குஞ்சில் சீக்கிரம் தெரியும், பெரிய மீனில் மாதங்கள் கழித்துத் தெரியும். உடம்பு பெருக்கப் பெருக்க, தாயிடமிருந்து வந்த வைட்டமின் இருப்பு கரைந்துகொண்டே போகும். குஞ்சுப் பருவத்தில்தான் இது கூத்து காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

முதுகு வளைந்திருக்கிறது

அதிகம் வரும் கேள்வி இது, தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வைட்டமின் சி இல்லாமல் எலும்பையும் தோலையும் கட்டிப் பிடிக்கும் கொலாஜன் சரியாக உருவாகாது. மாட்டுக்கும் கோழிக்கும் இந்தக் கவலை இல்லை, தங்கள் உடம்பிலேயே செய்துகொள்ளும். நமக்கும் நாம் வளர்க்கும் கெண்டை, திலேப்பியா, கொடுவா, கெளுத்தி வகைகளுக்கும் அந்த வசதி கிடையாது. அதைச் செய்யும் நொதி உடம்பில் இல்லை. தீவனத்தில் வந்தால்தான் உண்டு.

இங்கேதான் நானே ஒரு வருடம் ஏமாந்தேன். தீவனத்தைச் சொந்தமாக அரைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம். கோழிப் பண்ணைக்குப் போகும் வைட்டமின் கலவை மலிவாகக் கிடைத்தது. ஏ இருக்கிறது, டி இருக்கிறது, பி வகையெல்லாம் வரிசையாக இருக்கிறது, பிறகென்ன என்று நினைத்தேன். கோழிக்குத் தேவையில்லை என்பதால் அதில் சி போடவே மாட்டார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசித்திருந்தாலே தெரிந்திருக்கும். தொட்டிக் குஞ்சில் கோணல் கண்ட பிறகுதான் வாசித்தேன். நீங்கள் மாட்டுத் தாதுக் கலவையோ கோழிக் கலவையோ போடுகிறவர் என்றால், இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு முதலில் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, வளைந்த முதுகெல்லாம் வைட்டமின் சி-யா? இல்லை. பிரித்துப் பார்க்க வழி உண்டு.

வாங்கி வந்த அன்றே, அல்லது தீவனம் தொடங்குமுன்பே கோணல் இருந்தால் அது பொரிப்பகத்துக் கோளாறு. முட்டை அடைகாத்த வெப்பநிலை, நெருங்கிய உறவில் இனப்பெருக்கம் என்று காரணம் அங்கே இருக்கும். பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்து, வாய்க்கால் தண்ணீர் உள்ளே வந்த சில நாளில் கோணல் கண்டால் சந்தேகம் மருந்தின் மேல். ஒரு தொட்டியில் மட்டும் திடீரென்று பல குஞ்சு முதுகொடிந்து கிடந்தால் ஏரேட்டர் ஒயரைப் பாருங்கள். கையை விடாதீர்கள், மெயினை அணைத்துவிட்டுப் பாருங்கள். மின்கசிவில் தசை வெடுக்கென்று சுருங்கி முதுகெலும்பையே ஒடித்துவிடும்.

கொடுவா பொரிப்பகம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது. அதற்கப்புறம் நம் பக்கம் நாற்றங்கால் தொட்டிகள் பெருகிவிட்டன. இந்த நுண்குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்று விழுங்கினால்தான் காற்றுப்பை ஊதும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருந்தால் அந்தக் காற்று கிடைக்காது. காற்றுப்பை ஊதாத குஞ்சு மிதக்கப் பாடுபட்டுப் பாடுபட்டு முதுகு உள்வளைந்து போகும். இதற்கு எத்தனை கிலோ வைட்டமின் சி போட்டாலும் பயனில்லை. படலத்தை வழித்தெடுக்க வேண்டும்.

தீவனம் தொடங்கி ஒன்றிரண்டு மாதத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாத் தொட்டியிலும் வந்தால்தான் சத்துக் குறைபாடு. அதிலும் பாஸ்பரஸ் ஒரு பங்காளி. புண்ணாக்கும் தவிடும் மட்டும் தின்னும் கெண்டைக்கு அதிலுள்ள பாஸ்பரஸ் சரியாகச் செரிக்காது, கெண்டைக்கு இரைப்பை கிடையாது. டைகால்சியம் பாஸ்பேட்டைவிட மோனோகால்சியம் பாஸ்பேட் அதன் உடம்பில் நன்றாகச் சேரும். பாஸ்பரஸ் குறைந்த கெண்டையில் தலையெலும்பும் வடிவம் கெட்டிருக்கும். வைட்டமின் சி குறைந்ததில் செவுள் மூடி குட்டையாகி உள்ளே சிவப்பு தெரியும், துடுப்படியில் ரத்தப்புள்ளி இருக்கும், வலையில் உரசிய புண் ஆறாது. கெளுத்தி வகையில் முதுகொடிந்த இடத்தைச் சுற்றி நிறம் வெளுத்த பட்டை ஒன்று செங்குத்தாக ஓடும்.

நான் செய்யும் சோதனை இது. வளைந்த குஞ்சு ஐந்து, நேராக இருக்கும் குஞ்சு ஐந்து எடுத்துக்கொள்வேன். முதலில் நேரான குஞ்சின் செவுளை லென்ஸில் பார்ப்பேன். இழைகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நேராக இருக்க வேண்டும். வைட்டமின் சி குறைந்தால் முதுகு வளையுமுன்பே அந்த இழைகளுக்குள் இருக்கும் குருத்தெலும்பு முறுக்கிக்கொள்ளும், பழைய சீப்பை வெயிலில் போட்டது மாதிரி. நேராகத் தெரியும் குஞ்சிலும் இது இருந்தால் மொத்தத் தொட்டியும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் பத்தையும் கொதிநீரில் போட்டெடுத்துச் சதையை வழித்துவிட்டு முதுகெலும்பை வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்ப்பேன். நசுங்கியிருக்கிறதா, ஒடிந்திருக்கிறதா, இரண்டு கண்ணி ஒன்றாக ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஒட்டியிருந்தால் எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வைட்டமின் ஏ அதிகமாகப் போய்விட்டதா? கடல்மீன் நுண்குஞ்சுக்குக் கொடுக்கும் ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலை மீனெண்ணெய்ச் சத்தில் ஊறவைக்கிறேன் என்று அளவில்லாமல் ஏற்றினால், கூடுதல் வைட்டமின் ஏ-யும் எலும்பைக் கோணலாக்கும். சி மிஞ்சினால் சிறுநீரில் போகும். ஏ போகாது, ஈரலில் சேரும்.

சரிசெய்வது எப்படி? ஒன்றை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: வளைந்த முதுகு நிமிராது. அந்தக் குஞ்சுகளைப் பிரித்தெடுத்துவிடுங்கள், விற்கும் குஞ்சோடு கலக்காதீர்கள். காப்பாற்ற வேண்டியது இன்னும் வளையாதவற்றை.

சாதா கெண்டைக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 45 மில்லிகிராம் வைட்டமின் சி மீன் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். "போய்ச் சேர" என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெறும் அஸ்கார்பிக் அமிலத் தூளைக் கலந்து மெஷினில் சூடாகப் பிழிந்தால் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மிச்சம் மூட்டையில் போகும். பழைய ஆய்வுகளில் நூற்றுக்கணக்கில் மில்லிகிராம் தேவை என்று வந்ததெல்லாம் பெரும்பாலும் இந்தத் தூளை வைத்துச் செய்தவை. பாஸ்பேட்டோடு பிணைத்த வைட்டமின் சி சூட்டையும் நாளையும் தாங்கும். அதைப் போட்டதும் தேவை பத்துக் கணக்கில் இறங்கிவிட்டது. விலை கூடத்தான். ஆனால் தூளை வாங்கிக் காற்றுக்குத் தானம் செய்வதைவிட இது மலிவு. உங்கள் டப்பாவில் இருக்கும் வெள்ளைத் தூள் மஞ்சளித்துப் பழுப்பாகியிருந்தால் அதில் இனி ஒன்றுமில்லை. கொட்டிவிடுங்கள்.

நெல்லிக்காய்ப் பொடி, எலுமிச்சைச் சாறு போடலாமா என்று கேட்பார்கள். பச்சை நெல்லிக்காயில் சத்து நிறையத்தான் இருக்கிறது. காயவைத்து, அரைத்து, மாதக்கணக்கில் வைத்த பொடியில் எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு தெரியாததைக் குஞ்சுக்கு மருந்தாக நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

சுழன்று நீந்துகிறது, தொட்டியைத் தட்டினால் துள்ளி விழுகிறது

கொடுவா, விரால் மாதிரி இரைகொல்லி மீன் வளர்ப்பவர்கள் இதைப் படியுங்கள். துறைமுகத்தில் மலிவாகக் கிடைக்கும் சாளை, நெத்திலியைப் பச்சையாக நறுக்கிப் போடுகிறீர்கள். குஞ்சு ஆவலாகத்தான் தின்கிறது. சில வாரம் கழித்து நிறம் கறுக்கிறது, தீனி எடுப்பது குறைகிறது. தொட்டி ஓரத்தில் விரலால் தட்டினால் மொத்தக் கூட்டமும் சுவரில் மோதுகிற அளவுக்குப் பாய்கிறது. பாய்ந்ததில் சில மல்லாந்து, திருகாணி மாதிரி சுழன்று, கீழே கிடந்து, மறுபடி எழுகின்றன.

சாளையிலும் நெத்திலியிலும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. தயாமின் என்கிற பி1 வைட்டமினை அது வெட்டிப் போட்டுவிடும். மட்டிச் சதையிலும் உண்டு, கெண்டை வகை நன்னீர் மீன்களிலும் உண்டு. ஆனால் எல்லா மீனிலும் இல்லை. குஞ்சுக்கு வேண்டியது கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான், ஆனால் அந்த ஒன்றும் மிஞ்சாது. இதில் கொடுமை என்னவென்றால், சிலர் பச்சை மீனை அரைத்து அதிலேயே வைட்டமின் கலவையைப் போட்டுப் பிசைந்து, ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் போடுவார்கள். பிசைந்த நேரத்திலிருந்தே நொதி வேலையைத் தொடங்கிவிடும். உறையவைத்தாலும் நொதி சாகாது.

1932-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் நரிப் பண்ணையில், பச்சைக் கெண்டை தின்ற நரிகள் கால் இழுத்து விழுந்து செத்தன. பண்ணைக்காரர் பெயரிலேயே இன்றும் அந்த நோயை அழைக்கிறார்கள். நொதியின் கதை வெளியே வந்தது அங்கிருந்துதான். 2020-ல் கலிபோர்னியாவின் சால்மன் பொரிப்பகங்களில் புதிதாகப் பொரித்த குஞ்சுகள் இதேபோல் திருகாணியாய்ச் சுழன்றன. தாய் மீன்கள் கடலில் நெத்திலி வகையையே தின்று வந்திருந்தன, முட்டையில் தயாமின் இல்லை. தயாமின் கரைத்த தண்ணீரில் குஞ்சுகளை வைத்ததும் தேறிவிட்டன. இந்த வைட்டமினில் இருக்கும் நல்ல விஷயம் அதுதான், கொடுத்தால் சீக்கிரம் பதில் சொல்லும்.

எனவே செய்ய வேண்டியது: பச்சைச் சாளையை இன்றே நிறுத்துங்கள். மீன் போட்டே ஆக வேண்டுமென்றால் ஆவியில் வையுங்கள், உள்சதை வரை வெந்து வெள்ளையாக வேண்டும். சூட்டில் நொதி செத்துவிடும். ஆறிய பிறகு வைட்டமினைக் கலந்து அன்றே போட்டுவிடுங்கள். ஒரு வாரத்தில் தட்டினால் பாயும் பழக்கம் அடங்கத் தொடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் நீங்கள் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

தவறான கதவு எது என்பதும் முக்கியம். ஒரு மாதம்கூட ஆகாத கொடுவாக் குஞ்சு கறுத்து, சுழன்று, கும்பலாகச் சாகிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய். பச்சை மீனே காட்டாத தொட்டியில் இது வந்தால் சந்தேகமே வேண்டாம், குஞ்சை பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள். அந்தத் தொட்டி வலை, வாளி எதையும் அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். வைட்டமின் போட்டுக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தால் மொத்தமும் போய்விடும்.

சுழற்சிக்குப் பி6 குறைபாடும் காரணமாகலாம். புரதம் அதிகமுள்ள தீவனம் தின்னும் குஞ்சுக்குப் பி6 தேவையும் அதிகம். செத்த குஞ்சு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக விறைத்துப்போவது இதன் அடையாளம்.

செவுள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மேலே வந்து மூச்சு வாங்குகிறது

ஆக்சிஜன் சரியாக இருக்கிறது, ஆனாலும் குஞ்சு தண்ணீர் உள்ளே வரும் குழாயடியில் கூடி நிற்கிறது. செவுள் மூடியைத் தூக்கினால் இழைகளின் நுனி தடித்து, கோந்து தடவியதுபோல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. பாண்டோதெனிக் அமிலம் என்ற பி வகை வைட்டமின் குறைந்தால் இப்படி ஆகும். வேகமாக வளரும் குஞ்சில் இது சில வாரத்திலேயே தலைகாட்டும், முதுகு வளையும் வரை காத்திருக்காது. சாதா கெண்டைக்கு கிலோவுக்கு 30 மில்லிகிராம், திலேப்பியாவுக்கு 10 மில்லிகிராம் அளவில் தேவை. கடையில் கால்சியம் பாண்டோதெனேட் என்று கேட்க வேண்டும்.

கேட்குமுன் ஒன்று. இரண்டு இழையை நறுக்கி ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மீன்வளக் கல்லூரியோ ஆய்வகமோ பக்கத்தில் இருந்தால் உயிரோடு குஞ்சைக் கொண்டுபோங்கள், செத்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நெளியும் புழு தெரிந்தால் அது செவுள் புழு. நீள இழையாகப் பாக்டீரியா படர்ந்திருந்தால் அது அழுக்குத் தண்ணீர். இரண்டும் இல்லாமல் வெறுமனே தடித்து ஒட்டியிருந்தால்தான் பாண்டோதெனிக். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு புழுவாகத்தான் இருக்கும்.

முதுகு கத்தி மாதிரி மெலிந்திருக்கிறது

தின்கிறது, ஆனால் முதுகுச் சதை வற்றி, மேலிருந்து பார்த்தால் தலை பெரிதாகவும் உடம்பு கத்தி விளிம்பாகவும் தெரிகிறது. ஜப்பானில் கெண்டை வளர்ப்பவர்கள் பட்டுப்புழுக் கூட்டுக்குள் இருக்கும் புழுவைக் காயவைத்துத் தீவனமாகப் போட்டபோது இது பெரிய தொல்லையாக இருந்தது. அந்தப் புழுவில் எண்ணெய் அதிகம். அது காறிப்போய் வைட்டமின் ஈ-யை எரித்துவிட்டது. ஈ சேர்த்ததும் நோய் நின்றது.

நம் ஊரில் பட்டுப்புழுவின் இடத்தில் தவிடு இருக்கிறது. அரைத்து வந்த பச்சரிசித் தவிட்டில் எண்ணெயும் இருக்கிறது, அந்த எண்ணெயைச் சிதைக்கும் நொதியும் இருக்கிறது. அரைத்த நாளிலிருந்தே கெடத் தொடங்கும். புழுங்கலரிசித் தவிட்டில் நெல் அவியும்போதே நொதி செத்துவிடுவதால் கொஞ்சம் தாங்கும், ஆனால் காற்றுப் பட்டுப் பட்டு அதுவும் காறும். எண்ணெய் எடுத்த தவிடு காறாது. ஆனால் எண்ணெயோடு ஈ-யும் போய்விட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

சோதிக்க மெஷின் வேண்டாம். ஒரு கைப்பிடித் தவிட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேயுங்கள். கை சூட்டில் வாசனை எழும். புதுத் தவிடு லேசாக இனிக்கும் வாசனை. பழையதில் தலைக்கு வைத்த எண்ணெய் சிக்குப் பிடித்த வாடை வரும். சந்தேகமாக இருந்தால் நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை வையுங்கள், கெட்டது தொண்டையைக் காறும். புண்ணாக்குக்கும் மீன்தூளுக்கும் இதே சோதனைதான். மூட்டை நடுவில் கைவிட்டு எடுங்கள், மேலாக எடுத்தது பொய் சொல்லும்.

காறிய தவிட்டில் ஈ மாத்திரை போட்டுச் சரிக்கட்டலாமா என்று கேட்காதீர்கள். மாட்டுக்காரரும் வாங்கமாட்டார் என்றால் குப்பைக் குழிதான். புதுத் தவிடு வாங்கி, கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவில் ஈ சேர்த்து, செலினியமும் உள்ள மீன் கலவையாகப் போடுங்கள். முழுக்க வற்றாத குஞ்சு தேறும்.

செவுள் வெளுத்திருக்கிறது

வெளுத்ததா, பழுப்பா என்று முதலில் பாருங்கள். காபிக் கலர் என்றால் அது நைட்ரைட், தண்ணீரை மாற்றுங்கள். வெளிறிய ரோஜா நிறம் என்றால் ரத்தசோகை. உடம்பில் மீன்பேனும் நங்கூரப் புழுவும் ஒட்டி ரத்தம் குடிக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லை, ஆனால் போன மாதம் முழுக்க ஆன்டிபயாடிக் போட்டீர்கள் என்றால் பி12, ஃபோலிக் அமிலம் பக்கம் யோசிக்கலாம். திலேப்பியா மாதிரி மீன்களின் குடலில் பாக்டீரியாக்களே பி12-ஐச் செய்து கொடுக்கும். அவற்றை நீங்கள் கொன்றிருக்கலாம்.

கண் வெண்மை படர்ந்திருக்கிறது

ரிபோஃப்ளேவின் (பி2 வைட்டமின்) குறைவு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். துத்தநாகக் குறைபாட்டிலும், மெத்தியோனைன் என்ற புரதக்கூறின் குறைபாட்டிலும் இதே வெண்மை வரும், கண்ணுக்குள் குடியிருக்கும் புழுவாலும் வரும். கெண்டையில் ரிபோஃப்ளேவின் குறைந்தால் கண் வெளுப்பதைவிடத் தோலில் ரத்தக்கசிவுதான் தெரியும். இந்த வைட்டமின் வெளிச்சத்தில் அழியும், அதனால் தீவனத்தை வெயிலில் பரப்பிக் காயவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வளரவே இல்லை, வேறு ஒன்றும் தெரியவில்லை

உண்மையில் அதிகம் நடப்பது இதுதான். 1950-களில் வாஷிங்டன் மாநிலத்தில் குக் என்ற சிற்றூரில் ஜான் ஹால்வர் சால்மன் குஞ்சுகளுக்கு ஒரு சுத்தமான தீவனம் செய்து, ஒவ்வொரு வைட்டமினாக எடுத்துவிட்டு என்ன ஆகிறதென்று பார்த்தார். 1957-ல் வந்த அந்த வேலைதான் இன்றைக்கும் மீன் வைட்டமின் கணக்கின் அடித்தளம். ஏறக்குறைய எந்த வைட்டமினை எடுத்தாலும் பசி மந்தமாகும், வளர்ச்சி நிற்கும். முதுகு வளைவதும் செவுள் ஒட்டுவதும் எல்லாம் அதற்குப் பிறகு. ஆக, வெறும் மந்தம் என்பது எந்த வைட்டமின் என்று சொல்லாது.

அப்போது ஒவ்வொன்றாகத் துரத்தாமல் மூட்டைக்கு வாருங்கள். தயாரித்த தேதி மூன்று மாதம் தாண்டியதா? தகரக் கூரைக்கு அடியில் வைத்திருக்கிறீர்களா? தரையிலேயே அடுக்கி ஈரம் ஏறியதா? சொந்தக் கலவை என்றால் வைட்டமினையும் தாதுக்களையும் ஒரே டப்பாவில் மாதக்கணக்கில் கலந்து வைத்திருக்கிறீர்களா? செம்பும் இரும்பும் சேர்ந்து வைட்டமின் சி-யை அழித்துவிடும். தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு என்ற சத்துப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மற்ற வைட்டமின்களையும் நாசமாக்கும். மூன்றையும் தனித்தனி டப்பாவில் வைத்து, தீவனம் பிசையும் நேரத்தில் கூட்டுங்கள்.

இன்னொரு ஓட்டை, தூள். குஞ்சுக்கான குருணை எவ்வளவு சிறிதோ அவ்வளவு சீக்கிரம் பி வகையும் சி-யும் தண்ணீரில் கரைந்துவிடும். குஞ்சு ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்காத தீவனத்தில் சத்தில்லை, குப்பைதான். ஒரு நாளுக்கு இரண்டு வேளை நிறையப் போடுவதை ஐந்தாறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. குளத்திலும் தொட்டியிலும் வைட்டமின் டானிக்கை நேராக ஊற்றுகிற பழக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டுமா? பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

மேல்பூச்சு போடும் முறை

பத்து கிலோ தீவனத்துக்கு, கிலோவுக்கு 100 மில்லிகிராம் கணக்கில் 1 கிராம் வைட்டமின் சி வேண்டும். பாஸ்பேட் வகையில் 35 சதவீதம்தான் வைட்டமின் என்றால் சுமார் 3 கிராம் எடுக்க வேண்டும். லேபிளில் சதவீதம் பார்க்காமல் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று போட வேண்டாம். அவசரத்துக்கு மருந்துக்கடையில் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டைப் பொடித்துப் போடலாம், ஆனால் அது சாதா வகை, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

சூடாக்காத நல்ல தண்ணீர் 200 மில்லியில் கரைத்து, தார்ப்பாயில் பரப்பிய தீவனத்தின் மேல் ஸ்பிரேயரால் தூவிக்கொண்டே கிளறுங்கள். நிழலில் அரை மணி நேரம் உலரட்டும். அப்புறம் 100 மில்லி புது எண்ணெயைத் தூவிப் பிசறிவிட்டால் தண்ணீரில் கரைவது குறையும். சிலர் எண்ணெய்க்குப் பதில் பச்சை முட்டை வெள்ளைக்கருவைத் தடவுவார்கள். அதிலுள்ள அவிடின் என்ற புரதம், பயோட்டின் என்ற பி வகை வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரிரு நாள் போட்டால் ஒன்றும் ஆகாது, தினமும் செய்கிற வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

கண்டுபிடித்தது சரிதானா?

இரண்டு ஹாப்பா கட்டுங்கள், ஒரே தொட்டியில், பக்கத்தில் பக்கத்தில். ஒரே அளவில் நூறு நூறு நேரான குஞ்சு விடுங்கள். ஒன்றுக்குப் பழைய தீவனம், மற்றதற்கு நீங்கள் சரிசெய்த தீவனம். தொடக்கத்தில் இருபது குஞ்சை எடைபோட்டு எழுதி வையுங்கள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தொன்றாம் நாள் மறுபடியும் போடுங்கள். தீனி எடுக்கும் வேகத்தையும் எழுதுங்கள். பசி முதலில் திரும்பும், எடை அப்புறம் ஏறும்.

இருபத்தொன்றாம் நாள் இரண்டு ஹாப்பாவும் ஒன்றுபோலவே இருந்தால் மிச்சம் வைட்டமின் பாக்கெட்டை டப்பாவில் போட்டு மூடி நிழலில் வையுங்கள், தண்ணீரையும் குஞ்சு வாங்கிய இடத்தையும் மறுபடி பாருங்கள். புதுத் தீவனம் ஜெயித்தால், பழைய மூட்டையில் எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறதோ அதைப் பெரிய மீன் குளத்தில் போட்டுத் தீர்த்துவிடலாம், காறாமல் இருந்தால் மட்டும். அடுத்த மூட்டை வந்ததும் அதன் மேல் வந்த தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள். நான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், கண்ணாடி இல்லாமலே தெரிய வேண்டும்.